ஓடுறவனுக்கே இப்பிடியென்டா…



கொஞ்சம் நீளமான பதிவு. கடையைப் பூட்டிவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். சில விஷயங்களில் ஆண்களை விட வீட்டுப் பெண்கள் கண்டிப்பாக இருப்பார்கள், அது இங்கே தேவை.

எங்கேயாவது ஒரு உதைபந்தாட்ட வீரர் மைதானத்தில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தால், அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு புறக்கோட்டை ஹோட்டல் மேசைகளில் ஒரே பேச்சுத்தான். "பாத்தீங்களா? டெய்லி ஓடுறவனுக்கே இப்பிடியென்டா எங்களுக்கு என்ன? வாற நேரம் வரும். இன்னொரு பிளேன்டி சொல்லுங்க." பேசுகிறவர் கையில் சிகரெட் இருக்கும். கேட்கிறவரும் தலையை ஆட்டுவார். அத்தோடு நாளை முதல் நடக்கப் போகலாம் என்று இருந்த இரண்டு பேரும் அந்த எண்ணத்தை விட்டுவிடுவார்கள்.

இந்தப் பேச்சில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. வாத்திமார் என்பதால் கணக்குப் பிழையைக் கண்டால் எங்களுக்குச் சும்மா போக முடியாது.

ஸ்கொட்லாந்தில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2019இல் வெளிவந்தது. தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடி ஓய்வுபெற்ற 7,676 பேரை எடுத்து, அதே வயது, அதே மாதிரி வசதியுள்ள சாதாரண மக்கள் 23,028 பேரோடு ஒப்பிட்டார்கள். யார் எத்தனை வயதில், எதனால் இறந்தார்கள் என்பதுதான் கேள்வி. மாரடைப்பு போன்ற இதய நோயால் இறப்பது வீரர்களிடையே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நுரையீரல் புற்றுநோயால் இறப்பது கிட்டத்தட்டப் பாதி. எழுபது வயது வரைக்கும் எந்த நோயை எடுத்தாலும் மொத்தத்தில் வீரர்களின் கைதான் ஓங்கியிருந்தது. சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள்.

எழுபதுக்குப் பிறகு கதை மாறுகிறது. ஞாபகமறதி நோய் முதலான மூளை நோய்களால் இறப்பது வீரர்களிடையே மூன்றரை மடங்கு. வருடக்கணக்காகப் பந்தைத் தலையால் முட்டியதுதான் காரணமாக இருக்கலாம் என்று இப்போது பலமாகப் பேசுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'ஹெட்' பயிற்சியை நாங்கள் குறைத்ததற்கு அதுதான் காரணம். சில வாப்பாமார் அதற்கும் கோபித்தார்கள். அது வேறு பதிவு.

இன்றைக்குப் பேச்சு இதயம். பந்து விளையாடுவது இதயத்துக்குக் கெடுதல் இல்லை. நன்மை. அப்படியென்றால் மைதானத்தில் விழுகிறார்களே, அவர்கள் யார்?

2003 ஜூன் 26, பிரான்சின் லியோன் நகரம். கெமரூன் அணியின் மார்க்-விவியன் ஃபோயே, கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதியில், பக்கத்தில் யாருமே இல்லாமல் தனியே விழுந்தார். வயது 28. அவருடைய இதயத் தசை பிறவியிலேயே தடித்துப் போகிற வகையைச் சேர்ந்தது என்று பிறகு தெரிந்தது. கால் பலம், மூச்சுப் பலம் எல்லாம் இருந்தது. உள்ளே இருந்த அந்த ஒன்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

முப்பத்தைந்து வயதுக்குக் கீழே மைதானத்தில் நிகழ்கிற மௌத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான். தசை தடித்திருக்கும், அல்லது இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கும், அல்லது இரத்தக்குழாய் பிறப்பிலேயே பிழையான இடத்தில் தொடங்கியிருக்கும். சிலருக்குக் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசையில் அழற்சி. டெங்குக்குப் பிறகும் அது வரலாம். (காய்ச்சல் விட்டு இரண்டாம் நாளே "சேர், நான் ரெடி" என்று பூட்ஸோடு வந்து நிற்கிற பிள்ளைகளை நாங்கள் ஏன் திருப்பி அனுப்புகிறோம் என்று கேட்கிற பெற்றோருக்கு இதுதான் பதில்.)

முப்பத்தைந்துக்கு மேலே போனால் காரணம் வேறு. அங்கே ஆளை விழுத்துவது பெரும்பாலும் நாங்கள் எல்லாருக்கும் தெரிந்த அதே அடைப்பு. கொழுப்பு, சீனி, பிரஷர், புகை. இந்தக் கதைக்கு மிகப் பொருத்தமான ஒரு பெயர் மலபார் பக்கத்தில் இருக்கிறது.

ஆர். தனராஜன், பாலக்காட்டுக்காரர், பின்கள வீரர். கொல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முஹம்மதன் ஸ்போர்ட்டிங் மூன்றிலும் ஆடியவர். இந்தியப் பந்து உலகத்தில் அதற்கு மேல் பெரிய சான்றிதழ் தேவையில்லை. பெரிய கழகங்களில் ஆடி முடித்த பிறகு ஊரோடு வந்து, மலப்புறம் பக்கம் நடக்கிற 'செவன்ஸ்' போட்டிகளில் ஆடினார். செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர். இரவு வெளிச்சம், பலகையால் கட்டிய கலரி, ஊரே திரண்டு வந்து நிற்கும். அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களுக்கு அது ஒரு பெருநாள் மாதிரி. 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் அப்படியொரு போட்டியின் நடுவே அவருக்கு நெஞ்சு வேதனை வந்தது. மைதானத்திலேயே விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். உயிர் இல்லை. வயது 39.

அடுத்த மாதம் அவருடைய குடும்பத்துக்கு உதவ பாலக்காட்டில் ஒரு போட்டி வைத்தார்கள். பைச்சுங் பூட்டியா, ஐ.எம். விஜயன் போன்ற பெரிய ஆட்கள் எல்லாம் வந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னமே தற்காலிகக் கலரி சரிந்து பலர் காயப்பட்டார்கள். மனது நல்லது, ஆனால் மைதானத்தைச் சுற்றி இருக்க வேண்டியதை யாரும் பார்க்கவில்லை. இதை வாசித்தபோது எங்கள் ஊர்ப் போட்டிகள்தான் ஞாபகம் வந்தன.

தனராஜன் நல்ல காலத்தில் ஆடிய பெரிய கழகங்களில் பயிற்சியாளர் இருப்பார், மைதானத்தின் ஓரத்தில் ஒரு மருத்துவ ஆள் இருப்பார், சீசனுக்கு முன் பரிசோதனை இருக்கும். ஆட்டம் அதேதான், நெஞ்சும் அதேதான். பெரிய கழகத்தை விட்டு வெளியே வந்த பிறகு அவற்றில் எத்தனை கூட வரும்?

மைதானத்தின் ஓரத்தில் ஆள் இருப்பது என்ன வித்தியாசம் செய்யும் என்பதற்கு 2012 மார்ச் மாதத்தை எடுத்துப் பாருங்கள். நான்கே நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள்.

மார்ச் 17, லண்டன். டொட்டன்ஹாமுக்கு எதிரான எப்.ஏ. கிண்ணப் போட்டியில் போல்டன் அணியின் ஃபப்ரிஸ் முஅம்பா முகங்குப்புற விழுந்தார். வயது 23. உடனே மருத்துவக் குழு உள்ளே ஓடியது. பார்வையாளர்களுக்குள் இருந்த ஒரு இதய வைத்தியர் வேலியைத் தாண்டி இறங்கினார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து, அதை ஆம்புலன்ஸிலும் விடாமல் தொடர்ந்து கொண்டு போனார்கள். 78 நிமிடம் அந்த இதயம் தானாகத் துடிக்கவில்லை. ஆனால் மனிதர் பிழைத்தார். பந்து பிறகு ஆடவில்லை, ஆள் இருக்கிறார்.

மார்ச் 21, பெங்களூர். மாவட்ட லீக் போட்டி. பெங்களூர் மார்ஸ் அணியின் டி. வெங்கடேஷ், வயது 27, மாற்று வீரராக உள்ளே வந்து கடைசி நிமிடங்களில் விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. கூட ஆடியவர்கள் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். காப்பாற்ற முடியவில்லை.

இரண்டு பேருடைய இதயத்திலும் என்ன வருத்தம் இருந்தது என்று நாங்கள் இங்கே இருந்து ஒப்பிட முடியாது. வைத்தியர் வேலை வாத்தியார் வேலை இல்லை. ஆனால் ஒருவருக்கு விழுந்த இடத்திலேயே வைத்தியம் தொடங்கியது, மற்றவருக்கு ஒரு ஓட்டோ கிடைத்தது. இதயம் நின்று ஒவ்வொரு நிமிடம் போகும்போதும் பிழைக்கிற வாய்ப்பு ஏழு முதல் பத்து வீதம் வரை குறைகிறது. மாலை ஐந்து மணிக்கு மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து மருதானை வரைக்கும் த்ரீவீலில் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எங்களை விட உங்களுக்குத்தான் தெரியும்.

கிறிஸ்டியன் எரிக்சனின் கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், யூரோ கிண்ணம். பிள்ளைகள் டீவிக்கு முன்னால் அழுதார்கள். நெஞ்சழுத்தம், ஒரே ஒரு மின்னதிர்ச்சி, கண் திறந்தார். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள், இதயம் தடம் மாறினால் அதுவே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். அந்தக் கருவியோடு ஆட இத்தாலியில் அனுமதி இல்லை என்பதால் இன்டர் மிலானை விட்டு இங்கிலாந்துக்குப் போனார். 2024 ஜூன் 16, அடுத்த யூரோவில், ஸ்லோவேனியாவுக்கு எதிராக அவரே கோல் அடித்தார்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

புறக்கோட்டைக்கும் பந்துக்கும் உள்ள உறவைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. சோண்டர்ஸ் கழகத்தின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வயசாளிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பக்கம் கொம்பனித்தெருவில் ஜாவா லேன். சுகததாசவில் இறுதிப் போட்டி என்றால் கெய்சர் வீதியில் பாதிக் கடை நேரத்தோடு பூட்டிய காலம் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்றைக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது முதலாளிமார். காலை ஒன்பதுக்குக் கடை திறந்தால் இரவு வரைக்கும் காசு மேசையில். மூட்டை தூக்குவது நாட்டாமிமார், படி ஏறுவது பொடியன்மார். இவர் எழும்புவது தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும். பிறகு கிழமைக்கு ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு பழைய கூட்டாளிமார் ஒன்று சேர்ந்து புட்சால் கோர்ட் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆறு நாள் அசையாத உடம்பு ஏழாம் நாள் இரவு பத்து மணிக்கு, வயிற்றில் பிரியாணியோடு, பதினெட்டு வயசுக்காரன் மாதிரி ஓடுகிறது. முடிந்தவுடன் வாசலில் ஒரு சிகரெட்.

இவர்களைப் பார்த்துத்தான் "ஓடுறவனுக்கே இப்பிடியென்டா" என்று சொல்கிறார்கள். இவர் ஓடுகிறவர் இல்லை. ஓடியவர். இரண்டும் ஒன்றில்லை. இருபது வயதில் அடித்த கோல் நாற்பத்தைந்து வயது இரத்தக்குழாயைச் சுத்தம் செய்யாது.

எங்கள் இனத்துக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை மக்களை உலகத்தின் மற்றப் பகுதியினரோடு ஒப்பிட்ட 'இன்டர்ஹார்ட்' என்ற ஆய்வு 2007இல் வந்தது. முதல் மாரடைப்பு மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 வயதில் வந்தால் எங்களுக்கு 53இல் வந்துவிடுகிறது. ஆறு வருடம் முந்தி. அதுவும் சராசரிக் கணக்கு, அதற்குக் கீழேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புகை பற்றி ஒரு வார்த்தை. யோஹான் க்ரைஃப் என்றால் பந்து தெரிந்தவர்கள் எழும்பி நிற்பார்கள். அந்த மனிதர் ஆடிய காலத்திலும் புகைத்தார், பயிற்சியாளராக பார்சிலோனாவின் பெஞ்சில் இருந்தும் புகைத்தார். 1991இல் இதய பைபாஸ் சத்திரசிகிச்சை. வயது நாற்பத்து மூன்று. பிறகு விட்டுவிட்டு, சிகரெட் பெட்டியைப் பந்து மாதிரிக் காலால் தட்டித் தட்டி உதைத்துத் தள்ளுகிற விளம்பரத்தில் நடித்தார். 2016இல் நுரையீரல் புற்றுநோயில் காலமானார். அவருடைய கால் யாருக்கு இருந்தது? அந்தக் காலே அவரைக் காப்பாற்றவில்லை.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வருகிற பழைய மாணவர் பெட்ச் போட்டிதான். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் ஈ.சி.ஜி., பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் கொண்டு வந்து வைத்தியரிடம் காட்டி, அவர் சரி என்றால்தான் ஜெர்சி என்று நாங்கள் அறிவித்தோம். அறிவித்த இரவே குரூப்பில் தீ பிடித்தது. நாற்பத்து நான்கு வயது சகோதரர் ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர், கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டார். அவருடைய வாதம்: "சேர், நான் கோல் காப்பாளர்தானே. நிக்கிறதுதானே வேல. ஓடத் தேவையில்லயே."

அவருக்கு நேரிலும் சொன்னோம், இங்கேயும் சொல்கிறோம். ஐக்கர் கஸியாஸ், ஸ்பெயினுக்கு உலகக் கிண்ணம் எடுத்துக் கொடுத்த கோல் காப்பாளர், 2019 மே 1 அன்று போர்ட்டோ அணியின் பயிற்சியின் நடுவே மாரடைப்பு வந்தவர். வயது 37. உலகத்தின் நல்ல வைத்தியர்கள் சுற்றி இருந்த இடத்தில் நடந்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு போட்டியிலும் இறங்கவில்லை. அவர் கோழை என்று யாராவது சொல்வார்களா? எங்கள் சகோதரருக்கு அவருடைய இதய வைத்தியர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் முதல் ஜெர்சி அவருக்குத்தான். கொடுக்காவிட்டால் அவர்தான் அணியின் மேலாளர். அந்த இடத்தை வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை, காலியாகத்தான் வைத்திருக்கிறோம்.

"அஜல் வந்தால் போகத்தானே வேண்டும்" என்று எழுதியவர்களுக்கு: ஆம், போகத்தான் வேண்டும். ஆனால் கடையை இரவில் மூன்று பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டுத்தானே நீங்கள் தவக்குல் வைக்கிறீர்கள்? ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன செய்தியை நாம் எல்லாரும் மத்ரஸாவில் சேர்ந்தே படித்தோம்.

சரி, ரிப்போர்ட் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டும். இத்தாலியில் 1982 முதல் போட்டியில் ஆட வேண்டுமென்றால் ஈ.சி.ஜி. உட்பட வைத்தியப் பரிசோதனை கட்டாயம் என்று சட்டம். அங்கே வெனெட்டோ பிரதேசத்தில் இளம் வீரர்களின் திடீர் மௌத் அதற்குப் பிறகு 89 வீதம் குறைந்தது. அதைக் கேட்டால் பரிசோதனை போதும் போலத் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் இருபது வருடமாக 11,168 இளம் வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யும் ஸ்கேனும் எடுத்தார்கள். 42 பேருக்கு ஆபத்தான கோளாறு கண்டுபிடித்தார்கள், அது பெரிய வெற்றி. பின்னர் எட்டுப் பேர் இதயத்தால் திடீரென்று இறந்தார்கள். அந்த எட்டில் ஆறு பேருக்குப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றுதான் வந்திருந்தது. சில வருத்தங்கள் பதினாறு வயதில் தெரியாது, இருபத்தி இரண்டில்தான் தலை தூக்கும்.

ஆகவே ரிப்போர்ட் பாதி வேலை. மீதிப் பாதி மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. 2013இல் பீபா தன்னுடைய 209 உறுப்பு நாடுகளின் சங்கங்களுக்கும் அவசர மருத்துவப் பை ஒன்று கொடுத்தது. அதற்குள் மின்னதிர்ச்சிக் கருவியும் இருந்தது. ஏ.ஈ.டி. என்பார்கள். அது வைத்தியருக்கு மட்டும் உரிய சாமான் இல்லை. திறந்தால் அதுவே பேசும், எங்கே ஒட்ட வேண்டும் என்று படம் இருக்கும், தேவையில்லாதவனுக்கு அதிர்ச்சி கொடுக்காது. இந்த முறை போட்டி நாள் முழுக்க அந்தக் கருவியோடு ஒரு ஆம்புலன்ஸ் மைதானத்தில் நிற்கும். செலவு இருக்கிறது. பெரிய ஸ்பீக்கரையும் இரண்டாவது கோப்பையையும் வெட்டிவிட்டோம். கோப்பை இல்லை என்று யாரும் மௌத்தாகவில்லை.

ஆனால் ஆம்புலன்ஸ் நிற்பது ஒரு நாளைக்கு. உங்கள் புட்சால் கோர்ட்டில் இரவு பத்தரைக்கு நிற்பது நீங்கள்தான். அதனால் இதை மனதில் எழுதி வையுங்கள்.

ஒருவர் யாரும் மோதாமல் தானாக விழுந்தால், கூப்பிட்டும் பேசாவிட்டால், மூச்சு ஒழுங்காக இல்லாவிட்டால், இதயம் நின்றிருக்கிறது என்றே எடுங்கள். கை கால் கொஞ்ச நேரம் வெட்டி வெட்டி இழுக்கலாம். இடைக்கிடை மீன் மாதிரி வாயைத் திறந்து இழுக்கலாம். அது மூச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் உடனே "வலிப்பு, வலிப்பு" என்று கத்தி, கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் அடித்து, சுற்றி நின்று காற்றை மறைப்பார்கள். அந்த மூன்று நிமிடத்தில்தான் ஆள் போகிறது. சாவியை வையுங்கள். ஒருவர் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய இலவசம், நாடு முழுக்க வருகிறது. இன்னொருவர் வாசலில் நின்று வண்டிக்கு வழி காட்டுங்கள். மூன்றாமவர் முழங்காலில் இருந்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றி இருபது வரை அழுத்துங்கள். கை தளர்ந்தால் ஆள் மாற்றுங்கள், அழுத்துவதை நிறுத்தாதீர்கள். வாயில் ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை. விலா எலும்பு முறிந்துவிடும் என்று பயப்படாதீர்கள், முறிந்த விலா ஒட்டும்.

விழாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர் வேறு. அவருடைய இதயம் துடிக்கிறது, ஆனால் அடைப்பு. வேர்த்துக் கொட்டும், இடது கை, தாடை, முதுகு நோகும். "கேஸ்டிக் சேர், ஒரு சோடா குடிச்சா சரி" என்பார். நாற்பது வயது ஆண் விளையாடும்போது வருகிற கேஸ்டிக்கை நம்பாதீர்கள். ஆட்டத்தை நிறுத்துங்கள், நடக்க விடாதீர்கள், 1990.

இதில் ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்தில் வாலிபர் ஒருவர் திடீரென்று மௌத்தானால் ஜனாஸாவைச் சீக்கிரம் எடுக்கவே பார்ப்போம். அது எங்கள் மார்க்கம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்குப் பிறகு, மூன்று நாள் துக்கம் முடிந்த பிறகு, ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஃபோயேக்கு இருந்தது போன்ற தசை வருத்தம் குடும்பத்தில் ஓடும். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே அந்த வாலிபருடைய உம்மா, வாப்பா, நானா, தம்பி, தங்கச்சி எல்லாரும் இதய வைத்தியர் ஒருவரைப் பார்க்க வேண்டும், ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ. "கண்ணூறு பட்டுவிட்டது" என்று பேசி முடித்துவிட்டால் அடுத்த பிள்ளை அதே நெஞ்சோடு எங்கள் மைதானத்துக்கு வருகிறான். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தி வந்ததிலிருந்து, பயிற்சிக்குச் சேரும் படிவத்தில் நாங்கள் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன் யாராவது திடீரென்று மௌத்தானார்களா? தயவுசெய்து அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓடும்போது பிள்ளைக்குத் தலை சுற்றி மயக்கம் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அணியில் இடம் போய்விடும் என்று பிள்ளை மறைப்பான், நீங்கள் மறைக்காதீர்கள்.

காசு இல்லை என்கிறவர்களுக்கு: 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிற நிலையங்கள் அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் இருக்கின்றன. கடையில் வேலை செய்கிற பொடியன்மாருக்கும் நாட்டாமிமாருக்கும் ஒரு நேரம் லீவு கொடுத்து அனுப்புங்கள் முதலாளிமாரே. பந்து அவர்களும் ஆடுகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் நெஞ்சழுத்தப் பயிற்சி. பழகுவதற்குப் பொம்மை இரண்டு வருகிறது, சொல்லித்தர வைத்தியர் ஒருவரும் தாதி ஒருவரும். பெண்களுக்கு மேல் மாடியில் தனியாக, தாதிதான் சொல்லித் தருவார். பெட்ச் ஒன்றுக்குக் குறைந்தது மூன்று பேர் வராவிட்டால் அந்த பெட்சுக்கு அட்டவணையில் இடம் இல்லை, இதில் பேச்சுவார்த்தை இல்லை. 1998 பெட்ச் இதுவரை ஒரு பெயரும் தரவில்லை. பதினேழு பேருடைய ஜெர்சி அளவு மட்டும் வந்திருக்கிறது, அதில் பதினொன்று டபிள் எக்ஸ்.எல்.